செவலை பெற்ற குட்டி

செவலை மாசமாக இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் பிரேமலதாதான். வெள்ளிக்கிழமை காலையில் வாசல் தெளித்துவிட்டுக் காருக்குச் சந்தனப் பொட்டு வைக்கப் போனவள், பின்டயர் இரண்டும் ஒரு விரற்கடை அமுங்கியிருப்பதையும், டிக்கி மூடி லேசாக உப்பியிருப்பதையும், முந்தின நாள் போட்ட பெட்ரோலில் பாதியைச் செவலை மண்ணில் கக்கி வைத்திருப்பதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய், பல் தேய்த்துக்கொண்டிருந்த புருஷனிடம், "ஏனுங், நம்ம செவலைக்கு நாள் தள்ளிப் போயிருக்குதுங்" என்றாள். சாந்தலிங்கம் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, டிக்கிமேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்றான். உள்ளே ஏதோ ஒன்று புரண்டு படுத்தது.

"ஆமா" என்றான். "பெட்ரோலை இனிக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் போடோணும்."

கோயம்புத்தூர் கணபதியில் அவனுக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. கிணறுகளிலும் ஆழ்துளைகளிலும் எரிந்துபோன மின்மோட்டார்களுக்குத் திரும்பச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது வேலை. வாரத்தில் ஆறு நாள் செம்புக் கம்பியோடு கிடப்பவன், ஏழாம் நாள் அதன் பக்கமே திரும்பமாட்டான். அன்று முழுக்கச் செவலை. இருபத்திரண்டு வயசான சிவப்புக் கார். செம்மண் நிற மாட்டைக் கூப்பிடும் பேரையே அதற்கும் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் இருபது முப்பது வண்டிகள் கூடும். பழசு, புதுசு, பெட்ரோல், டீசல், சைலன்சரைக் கழற்றி எறிந்தது என்று எல்லாமும் வரும். போனட்டைத் தூக்கி வைத்து ஒருவர் இன்ஜினை ஒருவர் பார்த்து, ஒருவர் சத்தத்தை ஒருவர் கேட்டு, பக்கத்து பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். அவ்வளவுதான் அவர்கள் சங்கம். தலைவர் என்று யாரும் இல்லை. ஆனால் மருதாசலம் பேசினால் மற்றவர்கள் நிறுத்துவார்கள். அறுபது வயசு, நூல்மில் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம், அவருடைய கறுப்புக் கார் மைதானத்துக்குள் நுழைந்தால் பேக்கரி அலமாரியில் பிஸ்கட் பாட்டில்கள் நடுங்கும்.

இதற்கு மூன்று வாரம் முன்னால்தான், செவலையைச் செய்த அந்தக் கம்பெனி, இனிமேல் இன்ஜின் செய்யமாட்டோம், வருகிற தை மாசத்திலிருந்து எங்கள் ஆலையிலிருந்து வெளியே வருவதெல்லாம் பேட்டரி வண்டிதான் என்று பேப்பரில் முழுப்பக்கம் போட்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் யாரும் போனட்டைத் தூக்கவில்லை. எல்லோரும் பேக்கரி வாசலில் பேப்பரைச் சுற்றி நின்றார்கள்.

"கெணத்து மோட்டாருக்கு நாலு சக்கரத்த மாட்டி வுட்டா அது காராப்பா?" என்றார் மருதாசலம். "கியர் இல்ல, கிளட்ச் இல்ல, ஒரு வாசம் இல்ல. மிக்ஸிமேல ஏறி உக்காந்து போற மாதிரி போகோணும்."

கிணற்று மோட்டார் என்ற சொல் சாந்தலிங்கத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"வால்பாறைல நாப்பதாவது கொண்டை ஊசியில சார்ஜ் தீந்துபோச்சுன்னா, யானைகிட்டயா போயிக் கேக்கறது?" என்றார் ஒருவர். அது போன் மாதிரி, மூன்று வருஷத்தில் பழசாகிவிடும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார் இன்னொருவர். ஊரில் புகை குறையும், பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று ஓரமாக ஒருவர் சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே இன்னொரு டீ சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ரெஜினா மட்டும் மருதாசலத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். அவள் கால்நடை டாக்டர். ஒரு டீசல் ஜீப்பில் பண்ணை பண்ணையாகப் போகிறவள். "நான் ஒண்ணு ஓட்டிப் பாத்தேண்ணா. மிதிச்சா அந்த நிமிஷமே பறக்குது. நம்ம வண்டியெல்லாம் யோசிச்சு யோசிச்சுக் கெளம்பும், அது யோசிக்கறதே இல்ல. மாடு மிரளாமப் பண்ணைக்குள்ள போயிட்டு வரலாம்."

எழவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சாந்தலிங்கம் கையில் இருந்த டீ ஆடை படர்ந்து ஆறிப்போயிருந்தது. "அப்ப செவலைக்கு பார்ட்ஸ்?" என்று கேட்டான். மருதாசலம் பேப்பரை நாலாக மடித்தார்.

இப்போது அதே செவலை வயிறு தள்ளிக்கொண்டு மைதானத்துக்கு வந்து நின்றபோது, அந்த முகங்களில் மூன்று வாரமாக இல்லாத வெளிச்சம் வந்தது. ரெஜினா ஸ்டெதஸ்கோப்பை டிக்கியிலும் பெட்ரோல் டேங்க் ஓரத்திலும் வைத்துப் பார்த்து, இன்னும் எட்டு வாரம் ஆகும், மேடு பள்ளத்தில் ஓட்டாதீங்க, ஆயில் மட்டும் குறையவே கூடாது என்றாள். மருதாசலம் தன் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துச் செவலையின் கண்ணாடியைத் துடைத்தார். "கம்பெனிக்காரன் கைவுட்டாலும் வண்டி கைவுடல பாத்தியா! இனி எவன் ஆலையும் நமக்கு வேண்டாம். அதுகளே பெத்துக்கும், அதுகளே வளத்துக்கும்" என்றார். அன்றிலிருந்து கோயம்புத்தூரில் இன்ஜின் கார் வைத்திருந்த பலபேர் தங்கள் வண்டிகளை ஜோடி ஜோடியாக நிறுத்த ஆரம்பித்தார்கள். காலையில் எழுந்ததும் டிக்கியைத் தடவிப் பார்ப்பது வழக்கமானது. பெட்ரோல் பங்கில் செவலைக்கு வரிசை கிடையாது, மற்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். தெருவில் மட்டும் ஒரு வழக்கு தீரவில்லை: காருக்கு மாசம் என்று சொல்வதா, சினை என்று சொல்வதா? பிரேமலதா மாசம் என்றே சொன்னதால் மற்றவர்களும் அவள் முன்னால் மாசம் என்றார்கள்.

"தகப்பன் யாருன்னு தெரியுமாண்ணா? எங்கியாவது ராத்தங்கலுக்கு நிறுத்தியிருந்தீங்களா?" என்று ரெஜினா கேட்டதற்குச் சாந்தலிங்கம் தெரியவில்லை என்றான். அது பொய். ஆனி மாசம் குன்னூர் போயிருந்தபோது, லாட்ஜ் வாசலில் இடம் இல்லாமல், செவலையை ஒரு வெள்ளைக் காரை ஒட்டி நிறுத்தியிருந்தான். காலையில் எடுக்கப் போனபோது இரண்டு வண்டிகளின் பம்பரும் தொட்டுக்கொண்டிருந்தன. அவன் நிறுத்தும்போது ஒரு முழம் இடைவெளி இருந்தது. அந்த வெள்ளைக் காரின் நம்பர் பிளேட் பச்சை. பச்சை பிளேட் என்றால் பேட்டரி வண்டி என்று குழந்தைக்கும் தெரியும். அதை அவன் பிரேமலதாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் பட்டறைக்குப் போகுமுன் டிக்கியில் காதை வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. ரெஜினாவிடம் கேட்டால், "ஏதோ இருக்குண்ணா. ஆனா துடிப்பு மாதிரி இல்ல, ரீங்காரம் மாதிரி இருக்கு" என்றாள்.

அவனுக்கும் பிரேமலதாவுக்கும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது அழவில்லை. பிரசவ அறைக்கு வெளியே நின்று அந்த அழுகைக்காகக் காத்திருந்தவன், கதவு திறக்கும்வரை காத்துக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். வீடு திரும்பிய பிறகு அவனால் சத்தமில்லாத இடத்தில் இருக்க முடியாமல் போயிற்று. காலையில் எழுந்ததும் முதல் காரியமாகச் செவலையை ஸ்டார்ட் செய்து, அது இருமி, செருமி, ஒரு சீராக உறுமத் தொடங்கிய பிறகுதான் முகம் கழுவப் போவான். பிரேமலதா ஏன் என்று கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து அவளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் பாலைக் காய்ச்சினாள்.

ஆவணி கடைசியில் தெருப் பெண்கள் செவலைக்கு வளைகாப்பு நடத்தினார்கள். ஏழு வகைச் சாதம் ஆக்கினார்கள். பக்கவாட்டுக் கண்ணாடி இரண்டிலும், ஆன்டெனாவிலும், வைப்பர் கைகளிலும் கண்ணாடி வளையல்களை அடுக்கினார்கள். போனட்டில் சந்தனம் பூசினார்கள். பிரேமலதா தானாகவே ஒதுங்கி, சமையல்கட்டில் பாத்திரம் அடுக்குகிற மாதிரி நின்றுகொண்டாள். எல்லோருக்கும் அது தெரிந்தது. ரெஜினாதான் உள்ளே போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"நீங்க வராம யாரு மொத வளையல் போடறது? அது உங்க வீட்டுப் பொண்ணுதானே?"

"வேண்டாங் டாக்டரம்மா. எங் கை..."

"உங்க கைக்கு என்ன? போடுங்க."

பிரேமலதா போட்டாள். போடும்போது ஒரு வளையல் உடைந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாந்தலிங்கம் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அன்று முழுக்க அப்படியே திரிந்தான்.

புரட்டாசி மூன்றாம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, மைதானத்தின் நடுவில், வளையல் குலுங்கச் செவலைக்கு வலி கண்டது. இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகி ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. ரெஜினா முழங்கைவரை கிரீஸ் தடவிக்கொண்டு டிக்கிப் பக்கம் மண்டியிட்டாள். முப்பது வண்டிக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் பேக்கரிக்காரர்களும் சுற்றி நின்றார்கள். ஆறு சிலிண்டர் என்றார் ஒருவர், எட்டு என்றார் மருதாசலம். பிறந்ததும் அது போடுகிற முதல் சத்தத்தைப் பிடித்து வைக்க நாலைந்து பேர் போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டரை மணிக்கு டிக்கி மூடி திறந்துகொண்டது. ஒரு கிடாக்குட்டி அளவில், ஆயிலில் நனைந்து, சந்தன நிறத்தில் ஒரு கார் வழுக்கிக்கொண்டு ரெஜினாவின் மடியில் வந்து விழுந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். செவலையின் இன்ஜினும் நின்றுபோய்க் காத்திருந்தது.

குட்டி அழவில்லை.

ரெஜினா அதைப் புரட்டித் தட்டினாள். பனியன் துணியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க எல்லோருக்கும் தெரிந்தது: அதற்குச் சைலன்சர் இல்லை, பெட்ரோல் மூடி இல்லை, மூச்சு விடுவதற்கு முன்பக்கம் ஒரு சல்லடைகூட இல்லை, வழவழவென்று மூடிக் கிடந்தது. "செத்துப் பொறந்துருச்சா?" என்று யாரோ கேட்டார்கள். சாந்தலிங்கம் தரையில் உட்கார்ந்தான். அப்போது குட்டி விளக்கு இரண்டையும் திறந்து, நாலு சக்கரத்தையும் ஊன்றி, ஒரு சத்தமும் இல்லாமல் அவனை நோக்கி நாலு அடி வந்து நின்றது.

போனை நீட்டியிருந்தவர்கள் மடக்கிப் பையில் போட்டார்கள்.

"கெணத்து மோட்டாரு" என்றார் மருதாசலம், மெதுவாக. பிறகு சத்தமாக, "நம்ம வயித்துலயே கொண்டுவந்து வெச்சுட்டாங்களேப்பா! தம்பி, சொல்றதக் கேளு. இத வளத்தாத. கம்பெனிக்காரன்கிட்டயே கொண்டுபோயிக் குடுத்துரு, இல்லீனா பழைய இரும்புக்குப் போட்டுரு. இது நம்ம இனமே இல்ல."

"பச்சக் கொழந்தையப் பாத்துப் பேசற பேச்சாங் இது?" என்றாள் பிரேமலதா. அவள் மருதாசலத்தை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. குட்டியைச் சேலைத் தலைப்பால் மூடித் தூக்கிக்கொண்டாள். மருதாசலத்தின் கறுப்புக் கார் உறுமிக்கொண்டு போயிற்று, பின்னாலேயே மற்ற வண்டிகளும் போயின. அன்று பேக்கரியில் தேங்காய் பன் மிஞ்சியது.

வீட்டுக்கு வந்த பிறகு சாந்தலிங்கத்துக்கு வேலை ஒன்றுதான் இருந்தது: அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. செவலை என்றால் ஓடும்போது ஒரு சத்தம், நின்ற பிறகு சூடு இறங்கும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம், விசிறி அடங்கும்போது ஒரு பெருமூச்சு. இதற்கு ஒன்றுமே இல்லை. நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி. பட்டறையில் கம்பி சுற்றிக்கொண்டிருப்பான், பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்து கையை வைத்துப் பார்ப்பான். சோற்றில் கை வைத்தவன் எழுந்து போய்ப் பார்ப்பான். பெட்ரோல் கொடுத்தார்கள், வாய் எங்கே என்று தெரியவில்லை. டீசல் காட்டினார்கள், விலகிப் போயிற்று. ரெஜினா வந்து ஆயிலைப் பஞ்சில் தொட்டு வைத்தாள், அது தொடவில்லை. திங்கட்கிழமை விளக்கு மங்கியது. செவ்வாய்க்கிழமை ஒரு விளக்குதான் எரிந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு வாசலில் தணிந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பேச்சின் தொனி சாந்தலிங்கத்துக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறான்.

"இன்னிக்கு ரெண்டு நாள்" என்றான் பிரேமலதாவிடம். "நாளைக்கு மூணு."

"சும்மா இருங்" என்றாள் அவள். அவளும் அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை குட்டி மூலையில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பிரேமலதா அதை இழுத்து நடுக்கூடத்தில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்ப அதே சுவருக்குப் போயிற்று. மூன்று தடவை இப்படி நடந்த பிறகு அவள் குனிந்து பார்த்தாள். கிரைண்டருக்காக வைத்திருந்த பிளக் பாயிண்டின் அடியில் மூக்கை முட்டிக்கொண்டு, தாய் மடியைத் தேடுகிற கன்று மாதிரி, அது மேலே மேலே எக்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்! இங்க வாங். இது எதுக்கு அழுகுதுன்னு பாருங்!"

சாந்தலிங்கம் ஓடி வந்தான். பார்த்ததும் அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. வாரத்தில் ஆறு நாள் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிறவன், வீட்டில் பசித்துக் கிடந்ததுக்குக் கொடுக்கவில்லை. தெரியாமல் இல்லை. கொடுத்தால் அது என்ன என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று உள்ளே எங்கேயோ ஒரு பயம் அவன் கையைப் பிடித்து வைத்திருந்தது. கம்பியை எடுத்தான், நுனியைச் சீவினான், குட்டியின் மூக்கருகே தடவி, நகத்தின் அளவில் ஒரு மூடி இருப்பதைக் கண்டுபிடித்துத் திறந்தான். மாட்டி, சுவிட்சைப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. மேலே பார்த்தான். மின்விசிறி நின்றுகொண்டிருந்தது. மணி ஒன்பது ஐந்து.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது முதல் ஐந்துவரை கணபதியில் மின்சாரம் கிடையாது என்று முந்தின நாள் பேப்பரில் போட்டிருந்தது. அதே பேப்பரைத்தான் குட்டியின் அடியில் விரித்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்தார்கள். குட்டி ஐந்தே நிமிஷத்தில் அதை உறிஞ்சி முடித்துவிட்டது, பக்கத்து வீட்டு விசிறியும் நின்றது. எரிந்துகொண்டிருந்த ஒரு விளக்கு இப்போது தீக்குச்சி நுனி அளவுக்குச் சுருங்கியிருந்தது. ரெஜினா ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். "சாயங்காலம் வரைக்கும் தாங்காதுண்ணா."

சாந்தலிங்கம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். பிரசவத்துக்குப் பிறகு செவலை ஸ்டார்ட் ஆகவே இல்லை, யாரும் முயலவும் இல்லை. கழற்றாத வளையல்களோடு வேப்ப மரத்தடியில் நின்றது. போனட்டைத் திறந்து, பேட்டரியில் ஜம்பர் கேபிளை மாட்டி, மறுமுனையைக் குட்டியின் மூக்கில் பிடித்தான். பிரேமலதா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இருமியது. திரும்ப இருமியது. மூன்றாம் தடவை, தெருவே அதிரும்படி, செவலை உறுமத் தொடங்கியது. குட்டியின் விளக்கு ஒரு துளி பெரிதானது.

"குடிக்குது" என்றான். "குடிக்குது பிரேமா, நிறுத்தீராத!"

இருபது நிமிஷத்தில் செவலையின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டு, ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. ரெஜினா போனட்டில் கை வைத்து, "போதும்ணா. தாயும் போயிரும்" என்று சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு, தன் ஜீப்பைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினாள். ஜீப் அரை மணி நேரம் தாக்குப் பிடித்தது. அதற்குள் பிரேமலதா ஒவ்வொரு நம்பராக அழைத்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று கெஞ்சவில்லை. "எங்க கொழந்தைக்கு முடியிலீங். வண்டி ஓடுச்சுன்னா கொண்டாங்" என்று மட்டும் சொன்னாள். முதலில் வந்தவர், மைதானத்தில் புகையைப் பற்றிச் சொல்லிவிட்டு உள்ளே போன மனுஷர். பிறகு வால்பாறை யானையைப் பற்றிக் கேட்டவர். பிறகு ஒவ்வொன்றாக. மத்தியானத்துக்குள் தெருவில் இரண்டு வரிசையாகப் பதினெட்டு வண்டிகள் போனட்டைத் திறந்து வைத்து நின்றன. ஒன்று சூடேறினால் அடுத்தது, அது சூடேறினால் அதற்கடுத்தது. மோட்டாருக்கு இன்ஜினைப் பிடிக்காது, இன்ஜினுக்கு மோட்டாரைப் பிடிக்காது என்று இரண்டரை மாசமாகப் பேசியவர்கள் கேபிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். புகையில் கண் எரிந்தது. முதலில் ஜன்னலை அறைந்து சாத்தி, போலீசுக்குச் சொல்லுவேன் என்று கத்திய எதிர்வீட்டுக்காரர், எட்டிப் பார்த்து விஷயம் தெரிந்துகொண்டு, ஒரு குடம் மோரை வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

மூன்று மணிக்குக் கடைசி வண்டியும் அடங்கியது. இனி எல்லாம் ஆற வேண்டும். குட்டியின் விளக்கு இரண்டும் எரிந்தன, ஆனால் காற்றில் ஆடுகிற சுடர் மாதிரி. கேபிளைக் கழற்றியதும் மங்க ஆரம்பித்தன. சாந்தலிங்கம் அதை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். தெரு அமைதியாக இருந்தது. அவனுக்கு யாராவது ஏதாவது பேசமாட்டார்களா என்று இருந்தது.

அப்போது எங்கோ தூரத்தில் ஒரு உறுமல் கேட்டது. பிஸ்கட் பாட்டில் நடுங்கும் உறுமல். கறுப்புக் கார் தெருமுனையில் திரும்பி, இரண்டு வரிசைக்கும் நடுவே வந்து நின்றது. மருதாசலம் இறங்கினார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. போனட்டைத் தூக்கினார்.

"இது காரு இல்ல தம்பி. நான் சொன்னது சொன்னதுதான்" என்றார். "கேபிளக் குடு."

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு வீட்டுக்குள் விசிறி சுற்றத் தொடங்கும்வரை அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. இறங்கியபோது கால் மரத்து, ரெஜினா தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

குட்டி பிழைத்தது. தீபாவளிக்குள் கன்றளவு ஆயிற்று, பொங்கலுக்குள் தாயளவு. ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு செய்யப் போனபோது அங்கிருந்த குமாஸ்தா ஆச்சரியப்படவில்லை. வாங்கியதா, பிறந்ததா என்று கேட்டார், பிறந்தது என்றதும் வேறு படிவம் எடுத்தார். தகப்பன் என்ற இடத்தில் சாந்தலிங்கம், முதல் தடவையாக வெளியே வாய் திறந்து, "வெள்ளைக் கலரு, பச்சை பிளேட்டு. குன்னூர்ல பாத்தது" என்றான். பிரேமலதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு அப்பவே தெரியுங்" என்றாள். சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருந்த மருதாசலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வேறு எந்த வண்டிக்கும் டிக்கி உப்பவில்லை. ஜோடியாக நிறுத்தியவர்கள் தை பிறந்ததும் பழையபடி தனித்தனியாக நிறுத்தினார்கள். கம்பெனி சொன்ன தேதியில் இன்ஜின் லைனை மூடியது. செவலைக்கு பார்ட்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று, நாலு நாளைக்கு ஒருமுறைதான் ஸ்டார்ட் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மைதானம் இப்போதும் கூடுகிறது, சண்டையும் இப்போதும் நடக்கிறது. மருதாசலம் சந்தன நிறக் காரைக் காராக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வந்ததும் முதல் வேலையாக அதன் டயரை மிதித்துக் காற்று பார்ப்பார்.

அதை ஓட்டுகிறவள் பிரேமலதா. மாசி மாசத்தில் ஒருநாள், பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகப் போனாள். நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்றாள். சாந்தலிங்கம் மூன்றரைக்கே கேட்டில் வந்து நின்றான். செவலையில் போயிருந்தால் அது தெருமுனை திரும்பும்போதே அவனுக்குத் தெரிந்துவிடும், அவன் உள்ளே போய் டீ வைத்துவிடலாம். இது வருகிறதா, வந்துகொண்டிருக்கிறதா, வழியில் எங்கேயாவது நின்றுவிட்டதா, ஒன்றும் தெரியாது. கண்ணெதிரே நிற்கிறவரை அது இல்லாதது மாதிரிதான். நாலு ஆயிற்று. நாலரை. போன் எடுக்கவில்லை. ஒரு லாரி போயிற்று, ஒரு பால் வேன் போயிற்று, ஒவ்வொன்றுக்கும் அவன் கழுத்து நீண்டது. ஐந்தே கால். கையில் பிடித்திருந்த கேட் கம்பி வியர்வையில் வழுக்கியது. தெருமுனையையே பார்த்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முழங்காலுக்குப் பின்னால் எதுவோ மெத்தென்று தொட்டது.

துள்ளித் திரும்பினான். சந்தன நிறப் பம்பர். கண்ணாடிக்குப் பின்னால் பிரேமலதா, தலை நிறையக் கல்யாண வீட்டு மல்லிகையோடு.

"காந்திபுரத்துல ஒரே நெருசலுங், அதான் பாலத்தடியில சுத்திக்கிட்டு இந்தப் பக்கமா வந்தன். போனுல சார்ஜ் இல்ல" என்றாள். "எவ்வளவு நேரமா உங்க முதுகுக்குப் பொறத்தாண்ட நிக்கறோம், தெரியுமுங்ளா?"

அவன் போனட்டில் கையை ஊன்றிக்கொண்டு, நெஞ்சு அடங்கட்டும் என்று அப்படியே நின்றான். அது அவன் கையின் கீழ் ஒரு சத்தமும் போடாமல், அசையாமல், அவன் கையை எடுக்கிறவரை நின்றது.